பறக்கிற காரா, பள்ளம் தாண்டுகிற ஜீப்பா? முதன்முறை வாங்குபவருக்கு

போன தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா மகன், தட்டில் வைத்த வடையைக்கூடத் தொடாமல் போனை என் கையில் திணித்தான். திரையில் ஒரு பக்கம் மஹிந்திரா தார் ஜீப், மறுபக்கம் ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ் ஜிடி என்ற வேகமான செடான். "மாமா, பதினெட்டு லட்சம் வரைக்கும் போலாமுங்க. இதுல எதைங்க எடுக்கறது?" திருப்பூரில் வங்கி வேலை. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. இதுவரை ஓட்டியதெல்லாம் அவன் அப்பாவின் பழைய ஆல்ட்டோதான்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி, இரண்டு பக்கமும் போய்ப் பணத்தை விட்டவன் என்பதுதான். முதலில் பழைய டர்போ ஹேட்ச்பேக் (டிக்கி தனியாக நீட்டாத சின்னக் கார்) ஒன்று வைத்திருந்தேன். முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மாற்றி அதை இரண்டு விரற்கடை தாழ்த்தியிருந்தார். வால்பாறை மலையில் அது வளைந்து ஏறிய அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் குடியிருந்த அடுக்ககத்தின் சாய்தளத்தில் அது ஏற மறுத்ததும் அப்படியே நிற்கிறது. வாட்ச்மேன் அண்ணன் எனக்கென்றே இரண்டு மரப்பலகை எடுத்து வைத்திருப்பார். இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் பலகை போட்டால்தான் வீடு. அதை விற்றுவிட்டுத் தார் வாங்கி நான்கு வருடம் ஓட்டினேன். நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் டிரைவ் லீவரைத் தேவைப்பட்டு நகர்த்தியது அந்த நான்கு வருடத்தில் ஐந்து தடவை இருக்கலாம். மற்றபடி அது பால் வாங்கப் போன வண்டி.

அவனுக்குச் சொன்னதையும், அவன் கேட்காமல் விட்டதால் அப்போது சொல்லாததையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம்

'ஸ்போர்ட்ஸ் கார்' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதில் பாதி ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. போர்ஷே 911, பிஎம்டபிள்யூ இசட்4 மாதிரியானவைதான் அந்தச் சாதி. தாழ்ந்த உடம்பு, இரண்டு பேருக்கு மட்டுமே சரியான இடம், எடையெல்லாம் தரையை ஒட்டியே இருக்கும் அமைப்பு. இந்தியாவில் முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் காருக்குச் சுங்கவரியே வண்டி விலையை ஒட்டி வந்துவிடுவதால், இவற்றின் விலை ஒரு கோடியை ஒட்டியோ அதற்கு மேலோதான். 2025இல் ஃபோக்ஸ்வாகன் கால்ஃப் ஜிடிஐ இங்கே வந்தபோது ஷோரூம் விலையே 53 லட்சம். பார்க்கப் போனால் அது ஐந்து கதவு ஹேட்ச்பேக்.

பத்திலிருந்து இருபது லட்சம் வைத்திருப்பவர் கையில் கிடைப்பது 'ஸ்போர்ட்டி' கார்: வர்ட்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியாவின் 1.5 டர்போ, ஹூண்டாய் ஐ20 என் லைன் இப்படி. வர்ட்டஸின் 1.5 டர்போ 150 பிஎஸ் (குதிரைத்திறன்). ஐ20 என் லைனின் 1.0 டர்போ 120 பிஎஸ். இதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்: ஐ20 உருவாகும் ஹூண்டாய் தொழிற்சாலையும், 1990இல் திறந்த சென்னை மோட்டார் பந்தயத் தடமும் ஒரே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கின்றன.

மறுபக்கமும் இதே குழப்பம்தான். உயரமாக, சதுரமாக, பின்னால் ஸ்டெப்னி மாட்டியிருந்தால் அது காடுமேடு ஏறும் வண்டி என்று நினைத்துவிடுகிறோம். இல்லை. சட்டகம் தனியாக, உடல் தனியாக ஏணி மாதிரியான சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போக வேண்டும். அதோடு 'லோ ரேஞ்ச்' கியர் இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சமாச்சாரம்தான் முக்கியம். அதைப் போட்டால் தாரில் இழுவை சுமார் இரண்டரை மடங்காகப் பெருகி, ஆள் நடக்கிற வேகத்தில் பாறை மேல் ஏற முடிகிறது. இந்த விலையில் இவையெல்லாம் உள்ள வண்டிகளில் முக்கியமானவை மூன்று: மஹிந்திரா தார் (ஐந்து கதவு ராக்ஸும் சேர்த்து), மாருதி சுஸுகி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா.

2023 ஜனவரியிலிருந்து தாரில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மலிவு ரகமும் வருகிறது. வெளியே பார்த்தால் அச்சு அசல் அதேதான். ஆனால் சேற்றில் சிக்கினால் அதற்கும் நம் ஆல்ட்டோவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வேஷத்துக்குப் பணம் கொடுப்பது அவரவர் இஷ்டம். வேஷம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

படி 1: இரண்டு வாரக் கணக்கு

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு நோட்டில் பதினான்கு நாள், எங்கே போனீர்கள், எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், சாலை எப்படி என்று எழுதுங்கள். ஆசைப்பட்ட பயணத்தை எழுதக் கூடாது, போன பயணத்தை மட்டும்.

அக்கா மகனின் நோட்டு இப்படி இருந்தது. பத்து நாள் வீடு, வங்கி, வீடு. ஒரு பக்கம் ஏழு கிலோமீட்டர், திருப்பூர் நெரிசல். ஒரு நாள் கோயம்புத்தூர். ஒரு நாள் அம்மாவோடு பழனி. இரண்டு நாள் உடுமலைப் பக்கம் தாத்தாவின் தென்னந்தோப்பு. லடாக் ஒரு தடவைகூட இல்லை. கொள்ளிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் இல்லை. போனில் அவன் சேமித்து வைத்திருந்த வீடியோக்களில் இந்த இரண்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது தனிக்கதை.

கணக்கைப் பார்த்தால் வர்ட்டஸ் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தத் தோப்பு இரண்டு நாளை நான் முதலில் கவனிக்கவில்லை.

படி 2: டேப் எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. சில எண்கள்: இசட்4க்கு 114 மி.மீ., வர்ட்டஸுக்கு ஆள் ஏறாதபோது 179, ஜிம்னிக்கு 210, தாருக்கு 226, கூர்க்காவுக்கு 233. இந்தியச் சாலைக் கழகத்தின் தரப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் இசட்4கூடப் பட்டும் படாமல் தாண்டிவிடும். நம் தெருக்களில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட்டைக் குவித்து வைத்த வேகத்தடைக்கு எந்தக் கழகமும் பொறுப்பில்லை. அதனால் உங்கள் தெருவில் இருக்கும் மோசமான வேகத்தடையை நீங்களே அளந்துவிடுங்கள்.

கிளியரன்ஸ் எண் ஒன்றை மட்டும் பார்ப்பது போதாது. சாய்தளத்தின் அடியில் மூக்கு இடிக்கும், உச்சியில் வயிறு தட்டும். இரண்டும் வேறு வேறு கோணம். முன்சக்கரத்திலிருந்து முன் பம்பரின் அடிவரை வரும் கோணம்தான் முதலாவது. தாருக்கு அது சுமார் 41 டிகிரி, அதாவது முன்னால் திண்ணை மாதிரி மேடு வந்தாலும் மூக்கு தொடாமல் சக்கரம் முதலில் ஏறும். நீளமான செடானில் மூக்கும் இடிக்கலாம், இரண்டு அச்சுக்கும் நடுவே வயிறும் தட்டலாம். என் ஹேட்ச்பேக்குக்கு மரப்பலகை வேண்டியிருந்தது மூக்குக்காகத்தான். பலகையைச் சாய்தளத்தின் அடியில் போட்டால் ஏற்றத்தின் தொடக்கம் கொஞ்சம் மட்டப்படும், மூக்கு பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது நிறுத்துமிடம். அடுக்ககங்களில் இப்போது மேலும் கீழுமாக அடுக்கும் இயந்திர பார்க்கிங் வந்துவிட்டது. பல இடங்களில் அதைச் செடான் உயரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 1.8 மீட்டருக்கு மேல் நிற்கும் தார் அதற்குள் நுழையாது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய வண்டி இன்றும் தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது, பறவை எச்சம் சகிதமாக.

அக்கா மகனும் நானும் டேப்போடு தோப்புக்கே போனோம். தார்ச்சாலையிலிருந்து இறங்கினால் ஒன்றேகால் கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டிச்சுவடு. கடைசியில் இரண்டு கல்தூண், இடையில் ஆறரை அடி. மில்லிமீட்டரில் 1,980. தாரின் அகலம் கண்ணாடியைச் சேர்க்காமல் 1,820, அப்படியானால் பக்கத்துக்கு எண்பது மில்லிமீட்டர். கண்ணாடியை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஜிம்னியின் அகலம் 1,645. இருபுறமும் முக்கால் சாண் அளவு இடம் மிஞ்சும். அது வரைக்கும் ஜிம்னி என்ற பெயரே எங்கள் பேச்சில் வந்ததில்லை.

மண்ணையும் பார்த்தோம். அந்தப் பக்கம் கரிசல். கோடையில் கல் மாதிரி கிடக்கும், ஐப்பசி மழை விழுந்தால் டயரோடு அப்பிக்கொண்டு வரும். வர்ட்டஸ் பட்டியலிலிருந்து அடிபட்டது அப்போதுதான். செம்மண் பாதையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

படி 3: வீட்டில் பெரியவர்களை ஏற்றிப் பாருங்கள்

அக்காவுக்கு மூட்டுவலி. டெஸ்ட் டிரைவுக்கு வந்த மூன்று கதவுத் தாரைப் பார்த்ததும், "டேய் தம்பி, இதுல ஏணி வெச்சுத்தான் ஏறோணுமாட்ட இருக்குது" என்றார். முன்சீட்டில் கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டார். பின்சீட்டுக்கு முன்சீட்டைச் சாய்த்து, உடம்பைத் திருப்பி, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து உள்ளே போக வேண்டும். அவர் முயலவே இல்லை. ஐந்து கதவு ராக்ஸில் இந்தத் தொல்லை குறைவு. 2024 ஆகஸ்ட்டில் அது வந்த பிறகு குடும்பக்காரர்கள் பலரும் அதன் பக்கம் சாய்ந்ததற்குக் கதவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

தாழ்ந்த கார் இதற்கு நேர்மாறு. ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்கும்போதுதான் முழங்காலைக் கெஞ்ச வேண்டும். என் ஹேட்ச்பேக்கிலிருந்து எங்கள் அம்மா இறங்க இரண்டு பேர் கை கொடுப்போம்.

ஏற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வாங்கி, அப்புறம் கல்யாணம் காட்சிக்கு வாடகை டாக்சி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 4: பணம்

ஷோரூம் விலையை மறந்துவிடுங்கள், வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை மட்டும் கேளுங்கள். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புதிய காருக்கான ஆயுள்கால வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 9.9 லட்ச வண்டிக்கு வரி ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல். 10.1 லட்ச வண்டிக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிவிடும். விலையில் இருபதாயிரம் கூடியதற்கு வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுகிறது. ஒரு பாட்டு சிஸ்டத்துக்காக அடுத்த ரகத்துக்குத் தாவும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமானவரி முன்பணம், பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டியில் இன்னொரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருந்து பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள்ளோ டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள்ளோ இருந்தால் 18 சதவீதம். இல்லாவிட்டால் 40. மூன்று கதவுத் தார் நான்கு மீட்டருக்கு ஒரு விரல் குறைவு. அதில் பின்சக்கர இழுவையுள்ள 1.5 டீசல் சின்ன வரிக்குள் வந்துவிடுகிறது. நான்கு சக்கர இழுவை வரும் 2.2 டீசலும் 2.0 பெட்ரோலும் வரவில்லை. ஜிம்னி அளவில் சின்னதுதான், ஆனால் எஞ்சின் 1.5 பெட்ரோல் என்பதால் அதுவும் 40இல் மாட்டுகிறது. ஐ20 என் லைன் 18க்குள். வேஷத் தார் ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கான பதில் பாதி இங்கே இருக்கிறது.

வாங்கிய பிறகு வரும் செலவில் பெரியது டயர். டயரின் பக்கவாட்டில் 255/65 ஆர்18 என்று எழுதியிருந்தால், அகலம் 255 மி.மீ., சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 166 மி.மீ. இது தார். போர்ஷே 911இன் முன் டயர் 235/40. சுவர் 94 மி.மீ. மட்டும். பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது இந்த ரப்பர்ச் சுவர்தான். அது மெலிய மெலிய வளைவில் வண்டி துல்லியமாகத் திரும்பும், பள்ளத்தில் அலாய் வீல் வளையும் அல்லது விரிசல் விடும். வர்ட்டஸ் ஜிடியின் 205/55 நடுவில் நிற்கிறது, 113 மி.மீ. பெரிய வீல் அழகாக இருக்கிறது என்று மாற்றுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எரிபொருள்: பெட்ரோல் தார் ஆட்டோமேட்டிக் நகருக்குள் ஒற்றை இலக்க மைலேஜ்தான் தரும். மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். டர்போ செடானும் உங்கள் வலதுகால் எப்படியோ அப்படி.

படி 5: டெஸ்ட் டிரைவை உங்கள் சாலைக்கு இழுங்கள்

ஷோரூம்காரர் அழைத்துப் போவது நல்ல சாலையில், இரண்டு கிலோமீட்டர். அது எந்த வண்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். கண்டிப்பாக அரைமணி நேரம் கேளுங்கள், உங்கள் வீட்டுத் தெரு வழியாகப் போகச் சொல்லுங்கள்.

தாழ்ந்த காரில் பின்சீட்டை ஆட்களால் நிரப்பிக்கொண்டு நீங்கள் அளந்த அந்த வேகத்தடை மேல் ஏற்றுங்கள். ஆள் ஏறினால் கிளியரன்ஸ் மூன்று நான்கு சென்டிமீட்டர்கூட இறங்கிவிடும். தட்டினால் சத்தம் கேட்கும், ஒளிக்க முடியாது. சற்றுக் கோணலாக ஏறினால் தப்பிக்கும் என்றால், தினமும் கோணலாக ஏற உங்களுக்குச் சம்மதமா என்பது அடுத்த கேள்வி.

உயரமான வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோங்கள். எண்பது, தொண்ணூறில் எதிரே பேருந்து கடக்கும்போது காற்று பக்கவாட்டில் தள்ளும். ஸ்டியரிங்கில் அதை உணர்வீர்கள். வளைவில் உடம்பு சாயும். எடையின் மையம் மேலே இருப்பதால் அவசரமாக இடதும் வலதுமாகத் திருப்பினால் கவிழ்கிற ஆபத்து தாழ்ந்த காரைவிட அதிகம். காடுமேடு ஏறும் வண்டி 'கெட்டியான' வண்டி, எனவே பாதுகாப்பான வண்டி என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. கெட்டி என்பது வேறு, மோதல் சோதனை என்பது வேறு. வண்டியை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப்பில் தார் நான்கு நட்சத்திரம் வாங்கியது, வர்ட்டஸ் ஐந்து. அதே மாதிரியான இந்தியச் சோதனையான பாரத் என்கேப்பில் தார் ராக்ஸ் ஐந்து. வாங்கும் முன் நீங்கள் எடுக்கும் ரகத்துக்கான நட்சத்திரத்தைத் தேடிப் பாருங்கள்.

மலைக்கு ஒருநாள் எடுத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். அது வருவதற்குள்ளேயே வண்டி உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். மேலேறும் வண்டிக்கு வழிவிடுவது சட்டமும் மரியாதையும்.

படி 6: பழைய வண்டி என்றால்

ஸ்போர்ட்டி கார்களைப் பழையதாக வாங்குவதில் லாபம் உண்டு, கண்ணியும் உண்டு. முன் பம்பரின் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கீறல் எல்லாருக்கும் இருக்கும், உடைந்து ஒட்டியிருக்கக் கூடாது. நான்கு டயரும் ஒரே கம்பெனியா, உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021இன் 23ஆம் வாரத்தில் செய்தது. குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று சொல்லிவிட்டு டயர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். கூடுதல் சக்திக்காக எஞ்சினின் கணினி மென்பொருளை மாற்றி 'ரீமேப்' செய்திருக்கிறார்களா என்பதையும் மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள்.

ஜீப் வகையென்றால் கீழே படுத்துப் பார்க்க வேண்டும், வெட்கப்படாதீர்கள். சேஸிஸில் வெல்டிங் தழும்பு, துரு, அடிவாங்கிய பாதுகாப்புத் தகடு. டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நான்கு சக்கர இழுவையைக் கண்டிப்பாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் தார்ச்சாலையில் வேண்டாம், மண்ணில். தார், ஜிம்னி இரண்டிலும் முன்னச்சையும் பின்னச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும் அமைப்பு. காய்ந்த சாலையில் திரும்பும்போது இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுழல வேண்டியிருக்கும், பூட்டு விடாது, முறுக்கு ஏறிப் பாகங்கள் கெடும். விற்பவரே சாலையில் 4எச் (நான்கு சக்கர இழுவையின் சாதாரண வேக நிலை) போட்டு ஓட்டிக் காட்டினால், இத்தனை வருடமும் அப்படித்தான் ஓட்டியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஜோடனை வேண்டாம்

புதியவர்கள் வண்டி வாங்கிய மறுவாரம் செய்கிற காரியம் இது. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போடுவதை 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் தடை செய்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உயர்த்துவது, தாழ்த்துவது, சத்தம் போடும் சைலன்சர் எல்லாம் காவல்துறையோடு நிற்காது, காப்பீட்டுக்காரரிடமும் வந்து நிற்கும்.

அந்தப் பணத்தில் காப்பீட்டில் 'எஞ்சின் புரொடெக்ட்' சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் சாதாரணப் பாலிசியில் இழுபறி வரும். தாருக்கு 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700 மி.மீ. ஆழம்வரை தண்ணீரில் போகும் திறன் என்று கம்பெனிகள் சொல்கின்றன. அது நின்ற தண்ணீருக்கு, அடியில் பள்ளம் இல்லாத இடத்துக்கு. சாக்கடை மூடி திறந்து கிடக்கும் தெருவுக்கு அந்த எண் பொருந்தாது. எந்த வண்டியாக இருந்தாலும் தண்ணீரில் அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். தள்ளி வெளியே எடுங்கள்.

படி 8: ஆசையை எங்கே தீர்ப்பது

இரண்டு ஆசையையும் ஒரே வண்டியில் தீர்க்க நினைப்பதால்தான் பலர் இரண்டுக்கும் உதவாத ஒன்றை வாங்குகிறார்கள். வேகம் பிடித்தவர்கள் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீடுவேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ பொதுமக்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டும் நாள் வரும்போது போகலாம். கரியில் சுற்று 2.1 கிலோமீட்டர்தான். நாலு சுற்றில் பிரேக் வாசனை வந்துவிடும், அவிநாசி ரோட்டில் யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. மலைமேல் ஜீப்பில் குலுங்க ஆசையென்றால் மூணாறு பக்கம் சூரியநெல்லிக்குப் போய் உள்ளூர் ஜீப்பில் கொழுக்குமலை ஏறுங்கள். அந்த ஓட்டுநர்கள் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் பேச்சுமாக ஏறுவதைப் பார்த்த பிறகு எனக்கு என் தார் மீதிருந்த கர்வம் பாதி போய்விட்டது.

காப்புக்காட்டுக்குள் பாதை விலகி இறக்குவது குற்றம். ஆனைமலைப் பக்கம் வண்டியோடு பிடிபட்டால் அபராதத்தோடு போகும் என்று நினைக்காதீர்கள். கடற்கரை மணலும் வேண்டாம். உப்பு அடிப்பாகத்தைத் தின்றுவிடும். சென்னைக் கடற்கரையில் தை, மாசியில் ஆமைகள் முட்டையிட வரும் காலம் வேறு.

படி 9: டெலிவரி அன்று

மாலை, பூசணிக்காய், எலுமிச்சை எல்லாம் அப்புறம். முதலில் பகல் வெளிச்சத்தில் பெயின்ட்டைப் பாருங்கள், சேஸிஸ் எண்ணை ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள், ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தாழ்ந்த கார் என்றால் லாரியில் ஏற்றி இறக்கும்போது மூக்கில் அடி பட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் லோ ரேஞ்ச் போட்டுக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்கா மகன் எடுத்தது ஜிம்னி. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட 105 பிஎஸ் போதவில்லை, பழனி போவதற்குள் அலுத்துவிடுகிறது என்று இப்போதும் குறைபட்டுக்கொள்கிறான். உண்மைதான். டெஸ்ட் டிரைவில் வர்ட்டஸ் ஓட்டியவனுக்கு அது தெரியாமல் இருக்காது.

டெலிவரி அன்று லோ ரேஞ்ச் காட்டச் சொன்னபோது விற்பனைப் பையன் உள்ளே போய் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு வயதான மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டறவரு உக்காருங்க தம்பி, நான் சொல்றேன்" என்றார். பின்னால் மண் போட்ட காலி இடம். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை மிதித்து, சின்ன லீவரை அழுத்தியபடி பின்னால் இழுக்கச் சொன்னார். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை 'டக்' என்று விழுந்து, டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டி நின்றது. "இப்ப ஃபர்ஸ்ட் போட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க. ஆக்சிலேட்டர் தொடாதீங்க." மண்மேட்டின் மேல் வண்டி தானாக, எருமை கரையேறுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் ஏறியது. அக்கா ஷோரூம் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார், இன்னும் எத்தனை நேரம் என்று கையசைத்துக் கேட்டபடி.